கடையில ஒரு கலர், மண்டபத்துல ஒரு கலர்: புடவை, ப்ளவுஸ் மேட்சிங் எங்க சொதப்புது, எப்படி சரி பண்றது

பெங்களூரு சிக்பேட்டைல பட்டு எடுத்துட்டு அல்சூர்ல ப்ளவுஸ் பீஸ் தேடிட்டு எங்க கவுண்டருக்கு வர்றவங்க சொல்ற கம்ப்ளெயின்ட் பாதிக்கு மேல ஒரே மாதிரிதான் இருக்கும், "அக்கா, நேத்து பாத்த கலர் இது இல்லவே இல்ல, மாத்தி கட்டிட்டாங்க போல". மாத்தியெல்லாம் கட்டலைங்க, அதே புடவைதான். மாறினது வேற ஏதோ. அது என்னன்னு கண்டுபிடிக்கத்தான் இதை எழுதறேன், உங்களுக்கு என்ன பிரச்சனையோ அதை மட்டும் தேடி படிச்சா போதும், ஆனா அடுத்த பாராவை மட்டும் எல்லாரும் படிச்சிடுங்க, அது இல்லாம மீதி புரியாது.

துணிக்குன்னு சொந்தமா ஒரு வெளிச்சம் கிடையாது. லைட்ல இருந்து வர்ற வெளிச்சத்துல நம்ம கண்ணுக்கு தெரியறது சுமாரா 400ல இருந்து 700 நானோமீட்டர் வரைக்கும், 450 பக்கம் நீலம், 530 பக்கம் பச்சை, 650 பக்கம் சிவப்பு. துணில இருக்கற சாயம் இதுல ஒரு பகுதியை முழுங்கிடும், முழுங்கினது சூடா மாறி போயிடும், மிச்சம்தான் திரும்பி நம்ம கண்ணுக்கு வருது. மாம்பழ மஞ்சள் புடவை நீலத்தை முழுங்குது, பச்சையும் சிவப்பும் திரும்பி வருது, அந்த ரெண்டும் சேர்ந்து வந்தா மூளை அதுக்கு மஞ்சள்னு பேர் வெச்சிடும். அப்போ கலர்ங்கறது மூணு பேர் கூட்டு சேர்ந்து பண்ற வேலை, வெளிச்சம், துணி, பாக்கற கண்ணு (இல்லன்னா கேமரா). கலர் தப்பா தெரிஞ்சா இந்த மூணுல யாரு மாறினாங்கன்னு பாக்கணும், எடுத்த எடுப்புல சாயம் போட்டவரை திட்டக்கூடாது, பாவம் அவர் மேல தப்பு இருக்கறது ரொம்ப கம்மி.

கடையில பளிச்னு இருந்துச்சு, வீட்டுக்கு வந்தா மங்கலா இருக்கு

இதுல துணியும் மாறல, கண்ணும் மாறல, லைட்தான் மாறிச்சு. லைட்ல இல்லாத கலரை துணியால திருப்பி அனுப்ப முடியாது, அவ்ளோதான் விஷயம். சிக்பேட்டை சந்துக்குள்ள இருக்கற கடைங்க நிறைய மாடி மேலயோ பேஸ்மென்ட்லயோ இருக்கும், வெயில்னு ஒன்னு உள்ள எட்டியே பாக்காது, எல்லாம் எல்இடி. சாதா வெள்ளை எல்இடி உள்ள உண்மையில இருக்கறது ஒரு நீல சிப்பு, அது மேல மஞ்சளா ஒரு பூச்சு, நீலமும் அந்த பூச்சுல இருந்து வர்ற மஞ்சளும் சேர்ந்து நமக்கு வெள்ளையா தெரியுது. பாக்க வெள்ளைதான், ஆனா நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவுல ஒரு பள்ளம் இருக்கும், ஆழமான சிவப்பு பக்கம் சுத்தமா வத்திப்போயிருக்கும். அதனால மட்டமான எல்இடி கீழ அரக்கு, மெரூன், குங்கும சிவப்பு இதெல்லாம் செத்துப்போன மாதிரி தெரியும், வீட்டுல குண்டு பல்பு இன்னும் வெச்சிருக்கறவங்க அதே புடவையை அது கீழ பிரிச்சா சிவப்பு அள்ளிட்டு வரும், ஏன்னா குண்டு பல்புல சிவப்பு ஏராளம், நீலம்தான் பஞ்சம்.

சில கடைக்காரங்க இதை தெரிஞ்சே பண்றாங்க, பட்டு செக்ஷனுக்கு மஞ்சள் ஸ்பாட்லைட், வெள்ளை சட்டை செக்ஷனுக்கு நீலம் ஏறின லைட். அந்த ஸ்பாட்லைட்ல பளிச்னு இருந்த சிவப்புதான் வீட்டு எல்இடி கீழ மங்கிடுது. ஏமாத்தறாங்கன்னு சொல்ல மாட்டேன், சமோசா கடையிலயும் மஞ்ச பல்புதானே போடறாங்க. (எங்க ஓனர் இதை படிக்காம இருந்தா நல்லது.)

என்ன பண்ணலாம்? புடவையை வெளியே எடுத்துட்டு போய் பாக்கணும், வெட்கப்படாம கேளுங்க, கொடுப்பாங்க. ஆனா வெளியேன்னா எங்க வேணா நின்னு பாக்கறது இல்ல. நேர் வெயில்ல வெச்சா பட்டோட மினுமினுப்பு கலரை அடிச்சிடும், நிழல்ல, தலைக்கு மேல வானம் தெரியற மாதிரி இடத்துல நில்லுங்க. சந்துல நீல தார்ப்பாய் கட்டியிருப்பாங்க, அது கீழ நின்னு பாத்தீங்கன்னா தார்ப்பாய் வழியா வடிகட்டின நீல வெளிச்சம்தான் புடவை மேல விழுது, மஞ்சள் பார்டர் பச்சை அடிக்கும். மரத்தடியிலயும் அதே கதை. சாயங்காலம் அஞ்சரைக்கு மேல வேண்டாம், சூரியன் சாயும்போது நீலம் வழியிலேயே சிதறிப்போயிடும், வர்றது மஞ்சளும் சிவப்பும்தான். நம்ம ஊர் ஜூலை மாசத்து மேகமூட்டம் இருக்கே, எல்லாரும் சலிச்சுக்கற அந்த வானம், கலர் பாக்க அதை விட நல்ல லைட் கிடையாது, நாலு பக்கமும் சமமா வெளிச்சம், நிழலே விழாது.

வீட்டுக்கு பல்பு வாங்கும்போது டப்பாவுல சிஆர்ஐன்னு ஒரு நம்பர் போட்டிருக்கும், 80ன்னு இருந்தா சாதா, 90க்கு மேல இருந்தா கலர் ஓரளவு உண்மையா தெரியும். இதுலயும் ஒரு ஓட்டை இருக்கு, அந்த நம்பரை எட்டு வெளிறின கலர்களை வெச்சு சராசரி எடுத்துத்தான் போடறாங்க, அடர் சிவப்புக்கு ஆர்9னு தனி நம்பர், அது இந்த சராசரியில சேராது, அதனால பட்டு, டைலரிங் பண்றவங்க ஆர்9 எவ்ளோன்னு கேட்டு வாங்கறது நல்லது, பாதி கடையில முழிப்பாங்க, பரவாயில்ல கேளுங்க.

ரெண்டும் கடையில ஒரே கலர், மண்டபத்துல புடவை ஒன்னு ப்ளவுஸ் ஒன்னு

இதுதான் இருக்கறதுலயே வில்லங்கமானது, அழுகையில முடியறதும் இதுதான். மேல சொன்ன பிரச்சனைல ரெண்டும் சேர்ந்து மாறும், அதனால ஜோடி கலையாது. இங்க ஒன்னு மட்டும் மாறும்.

எட்டு ரூபா குடுக்கணும்னா அஞ்சும் மூணுமாவும் குடுக்கலாம், ஆறும் ரெண்டுமாவும் குடுக்கலாம், வாங்கறவருக்கு எட்டுதான். நம்ம கண்ணும் அப்படித்தான், அதுக்குள்ள கலர் பாக்கற செல் மூணே மூணு வகை, அதுங்களுக்கு வந்து சேர்ற மொத்தம் சமமா இருந்தா ஒரே கலர்னு சொல்லிடும், எந்த அலைநீளத்துல எவ்ளோ வந்துச்சுன்னு கணக்கு பாக்காது. இப்போ புடவை பட்டு, பட்டுக்கு ஆசிட் டை போடுவாங்க. ப்ளவுஸ் பீஸ் காட்டன் டூ பை டூ, அதுக்கு ரியாக்டிவ் டை. பாலியஸ்டர் கலந்திருந்தா அதுக்கு டிஸ்பர்ஸ் டை. மூணும் வேற வேற மருந்து, ஒன்னொன்னும் வெளிச்சத்துல வேற வேற இடத்தை கடிக்குது, ஆனா கடைசில கடையோட லைட் கீழ மொத்தம் சமமா வந்ததால கத்திரிப்பூ கலரும் கத்திரிப்பூ கலரும் ஒட்டிக்கிச்சு. மண்டபத்துல லைட் வேற, அதுல சிவப்பு ஜாஸ்தின்னா சிவப்பை அதிகமா திருப்பி அனுப்பற துணி மட்டும் மெரூன் பக்கம் நழுவிடும். இதுக்கு மெட்டமெரிசம்னு பேர், திருப்பூர்ல எக்ஸ்போர்ட் யூனிட்ல வேலை பாத்தவங்களை கேட்டுப்பாருங்க, இதுக்காகவே லைட் பாக்ஸ்னு ஒரு பொட்டி வெச்சிருப்பாங்க, டி65ன்னா பகல் வெளிச்சம், டிஎல்84ன்னா ஐரோப்பா கடைகள்ல போடற ட்யூப்லைட், 'ஏ'ங்கற எழுத்து போட்டிருந்தா குண்டு பல்பு, ஸ்விட்சை மாத்தி மாத்தி போட்டு எல்லாத்துலயும் ஜோடி ஒட்டினாத்தான் சரக்கு பாஸ்.

நம்மகிட்ட அந்த பொட்டி இல்ல, அதனால கவுண்டர்ல நான் பண்றது இது. பீஸையும் புடவை முந்தியையும் ஒன்னு மேல ஒன்னு போட்டு, நடுவுல இடைவெளி விடாம, முதல்ல கடை லைட், அப்புறம் வாசல்ல நிழல், அப்புறம் ஃபோன் டார்ச், முடிஞ்சா ஒரு மஞ்சள் பல்பு. நாலுலயும் ஒட்டினா எடுங்க. மூணுல ஒட்டி ஒன்னுல பிரிஞ்சா, நீங்க எந்த லைட்ல கட்டப்போறீங்கன்னு யோசிச்சு எடுங்க, ரிசப்ஷன் ராத்திரின்னா பகல் வெளிச்சத்துல ஒட்டி என்ன பிரயோஜனம். ரொம்ப சொதப்பற கலர்னு பாத்தா பிரவுன், க்ரே, காக்கி, ஆலிவ், கத்திரிப்பூ, இதெல்லாம் ரெண்டு மூணு சாயம் கலந்து வர்ற கலர், கலவை அதிகமானா நழுவ வாய்ப்பும் அதிகம். ரன்னிங் ப்ளவுஸ் (புடவையோடயே சேர்ந்து வர்ற பீஸ்) இருந்தா கண்ணை மூடிட்டு அதையே தைங்க, ஒரே நூல் ஒரே சாயம், எந்த லைட்லயும் பிரியாது. இல்லன்னா பேசாம கான்ட்ராஸ்ட்டுக்கு போயிடுங்க, என் கருத்து கேட்டா பாதி பேருக்கு கான்ட்ராஸ்ட்தான் அழகாவும் இருக்கும், பழைய காஞ்சிபுரம் எல்லாம் அப்படித்தானே இருந்துச்சு.

வாட்ஸ்அப்ல அனுப்பின ஃபோட்டோவுல வேற கலர்

சேலத்துல இருக்கற அண்ணிக்கு ஃபோட்டோ போட்டு "இது ஓகேவா"ன்னு கேட்டு, அவங்க ஓகே சொல்லி, பொருள் போய் சேர்ந்ததும் சண்டை. கேமரா தானா வெள்ளை எதுன்னு ஒரு யூகம் பண்ணிக்கும், ஃப்ரேம் முழுக்க மஞ்சள் புடவையா இருந்தா லைட்தான் மஞ்சள் போலன்னு நெனச்சு மஞ்சளை குறைச்சிடும். 2015ல ஒரு கவுன் ஃபோட்டோ உலகத்தையே ரெண்டா பிரிச்சுதே, நீலம்-கருப்பா வெள்ளை-தங்கமான்னு, அங்க அந்த யூகத்தை பண்ணது கேமரா இல்ல பாத்தவங்க மூளை, அந்த கவுன் நிஜத்துல நீலமும் கருப்பும்தான். ஃபோட்டோ எடுக்கும்போது ஓரத்துல ஒரு வெள்ளை பேப்பரை வெச்சு எடுங்க, பாக்கறவங்க பேப்பர் மஞ்சளா தெரிஞ்சா புடவையும் அந்த அளவுக்கு மஞ்சள் ஏறியிருக்குன்னு புரிஞ்சுப்பாங்க. ஸ்கிரீன்ல இருக்கறது சிவப்பு, பச்சை, நீலம் மூணு புள்ளிதான், சில அடர் மயில் பச்சை எல்லாம் அந்த மூணை வெச்சு வரவே வராது, அதுக்கு எந்த ஃபில்டரும் உதவாது.

கருப்புன்னு எடுத்தேன், வெயில்ல பாத்தா பிரவுன்

கருப்புன்னா எல்லாத்தையும் முழுங்கணும். விலை கம்மியான கருப்பு சாயம் 400ல இருந்து ஒரு 650 வரைக்கும் நல்லா முழுங்கும், கடைசில ஆழ்ந்த சிவப்புல வயிறு நிறைஞ்சு விட்டுடும். எல்இடில அந்த சிவப்பே இல்லாததால கடையில ஜோரா கருப்பு. வெயில்ல அது நிறைய இருக்கு, கசியுது. கருப்பு ப்ளவுஸ் பீஸ் எடுக்கும்போது வெயில்ல பாக்காம எடுக்காதீங்க, ரெண்டு கருப்பை பக்கத்துல பக்கத்துல வெச்சா எது கசியுதுன்னு உடனே தெரிஞ்சிடும்.

விடிகாலைல லைட் போடாம பீரோல கைவிட்டு நேவி ப்ளூ பேன்ட்டை கருப்புன்னு எடுத்துட்டு ஆபீஸ் போறவங்க கேஸ் வேற, அங்க தப்பு கண்ணுல. வெளிச்சம் குறைஞ்சா கலர் பாக்கற செல் எல்லாம் தூங்கிடும், ராத்திரி வேலை பாக்கற செல் ஒரே வகைதான், அதுக்கு கலரே தெரியாது, பிரகாசம் மட்டும்தான். அதுக்கு சிவப்பு கிட்டத்தட்ட கருப்பா தெரியும், நீலம் கொஞ்சம் வெளுப்பா தெரியும், புர்கின்யேன்னு ஒரு செக் விஞ்ஞானி 1819லயே இதை கவனிச்சு வெச்சிருக்காரு. தீர்வு, லைட்டை போடுங்க.

பார்டர் பக்கத்துல மட்டும் கலர் மாறி தெரியுது

"பார்டர் ஓரத்துல கருப்பு நூல் மங்கிப்போயிருக்கு, டிஃபெக்ட் பீஸ் குடுத்துட்டீங்க"ன்னு வருவாங்க. இது இருநூறு வருஷத்து கம்ப்ளெயின்ட். பாரிஸ்ல கோபெலின் நெசவுக்கூடத்துல 1820கள்ல செவ்ரூல்னு ஒரு வேதியியல்காரர் சாயப்பட்டறைக்கு தலைவரா இருந்தாரு, அங்கயும் இதே பஞ்சாயத்து, நீலம், ஊதா பக்கத்துல நெய்யற கருப்பு சரியா இல்லன்னு. அவரு வேற ஊர்ல இருந்து நல்ல கருப்பு கம்பளி நூல் வரவழைச்சு ஒப்பிட்டு பாத்தாரு, இவங்க சாயத்துல ஒரு குறையும் இல்ல. பக்கத்துல இருக்கற கலர்தான் கண்ணை இழுக்குது, ஒவ்வொரு கலரும் பக்கத்துல இருக்கறதை தன்னோட எதிர் கலர் பக்கம் தள்ளும், நீலம் பக்கத்துல இருக்கற கருப்பு மேல லேசா ஆரஞ்சு படிஞ்ச மாதிரி தெரியும், அதனால கருப்பு வெளுத்த மாதிரி ஆயிடுது. 1839ல இதை விரிவா எழுதி வெளியிட்டாரு.

செக் பண்றது ரொம்ப சுலபம். ஒரு வெள்ளை அட்டைல சின்னதா ரெண்டு ஓட்டை போடுங்க, ஒன்னு வழியா பார்டர் ஓரத்து கருப்பு, இன்னொன்னு வழியா முந்தியில இருக்கற கருப்பு தெரியற மாதிரி வெச்சு பாருங்க. பக்கத்து கலர் மறைஞ்சிட்டதால ரெண்டும் ஒன்னா தெரிஞ்சா துணியில குறை இல்ல. கஸ்டமர் முகத்துல அந்த நேரத்துல வர்ற ரியாக்ஷனை பாக்கவே நான் கவுண்டர்ல ஒரு ஓட்டை போட்ட அட்டை வெச்சிருக்கேன்.

திருப்பினா திருப்பினா கலர் மாறுது

மயில் கழுத்து கலர் புடவைன்னா மாறத்தான் செய்யும், அதுக்குத்தான் காசு. பாவு நூல் நீலம், ஊடை நூல் பச்சை, ஒரு பக்கம் சாஞ்சா நீலம் கண்ணுல படும், இன்னொரு பக்கம் சாஞ்சா பச்சை. கவனிக்க வேண்டியது ஒன்னுதான், இதுக்கு எந்த ஒரு ப்ளவுஸ் பீஸும் முழுசா மேட்ச் ஆகாது, நீலத்துக்கு ஒட்டணுமா பச்சைக்கு ஒட்டணுமான்னு முதல்லயே முடிவு பண்ணிக்கோங்க. நிஜ மயில் கழுத்துல இந்த நூல் விவகாரம் கிடையாது, அந்த இறகுக்குள்ள நீலச் சாயமே இல்ல, இருக்கறது மெலனின்ங்கற கருப்பு பொருள், அது நுணுக்கமா அடுக்கி வெச்சிருக்கற இடைவெளில வெளிச்சம் மோதி ஒரு அலைநீளம் மட்டும் பலமா வெளிய வருது. நம்ம சி.வி. ராமனுக்கு இந்த மாதிரி மினுக்கற சமாச்சாரங்க மேல தனி பித்து, மேக்ரி சர்க்கிள் பக்கம் அவர் 1948ல ஆரம்பிச்ச இன்ஸ்டிட்யூட்ல வைரம், கல்லு, பட்டாம்பூச்சின்னு சேர்த்து வெச்சிருந்தாரு, கடைசி காலத்துல பூக்களோட கலர் பத்தியும் கண்ணு எப்படி பாக்குதுன்னும் ஆராய்ச்சி பண்ணிட்டு இருந்தாரு.

மஞ்சள் கறையை சோப்பு போட்டு தேய்ச்சேன், ரத்தச் சிவப்பு ஆயிடுச்சு

பயப்படாதீங்க, துணி கெடல. சாம்பார்லயும் குழம்புலயும் இருக்கற மஞ்சள்ல குர்குமின்னு ஒரு பொருள், அது நீலத்தை முழுங்கறதால மஞ்சள். சோப்பு காரம், காரம் பட்டதும் அதோட மூலக்கூறு மாறி, முழுங்கற இடம் நீலத்துல இருந்து பச்சை பக்கம் நகர்ந்திடும், பச்சையும் போச்சுன்னா மிச்சம் சிவப்புதானே. ஆரத்தி தட்டுல மஞ்சள் தண்ணில சுண்ணாம்பு போட்டதும் சிவக்குதே, பாட்டி காலத்து குங்குமமும் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்ததுதான், எல்லாம் இதே வேலை.

சோப்பை நல்லா அலசுங்க, அலச அலச மறுபடி மஞ்சளுக்கு வந்திடும், அவசரம்னா ரெண்டு சொட்டு எலுமிச்சை விட்டா கண்ணு முன்னாடியே திரும்பும். அப்புறம் ஈரத்தோட வெயில்ல போடுங்க. குர்குமினுக்கு வெயில் ஆகாது, உடைஞ்சிடும், உடைஞ்சா நீலத்தை முழுங்க முடியாது, அப்போ அந்த இடம் வெளுத்திடும். வெள்ளை வேட்டி, காட்டன் சட்டைக்கு இது அருமையான வைத்தியம். பட்டுக்கு வேண்டாம், வெயில் குர்குமினை மட்டும் பாத்து உடைக்காது, உங்க ராணி பிங்க் சாயத்தையும் சேர்த்தே உடைக்கும், பட்டை ட்ரை க்ளீனர்கிட்ட குடுத்திடுங்க.

ரெண்டு வெள்ளை ஒட்ட மாட்டேங்குது

வெள்ளைல ரெண்டு ஜாதி. பழுப்பேறின துணிக்கு சொட்டு நீலம் போட்டா அது மஞ்சள் வெளிச்சத்தை கொஞ்சம் முழுங்கி சமன் பண்ணுது, மொத்த வெளிச்சம் ஒரு துளி குறையும், ஆனா பழுப்பு போயிடும். சோப்பு பவுடர்ல இருக்கற பிரைட்னர் அப்படி இல்ல, கண்ணுக்கு தெரியாத புற ஊதாவை முழுங்கி நீலமா வெளிய விடுது, அதாவது விழுந்த வெளிச்சத்தை விட கூடுதலா தெரியற வெளிச்சம் வருது, பப்ல வெள்ளை சட்டை ஊதாவா ஒளிர்றது அதனாலதான். சாதா எல்இடில புற ஊதா கிட்டத்தட்ட இல்ல, அதனால கடையில ரெண்டு வெள்ளையும் ஒன்னா இருக்கும், வாசலுக்கு போனா ஒன்னு நீலமா அடிக்கும். வெள்ளை லைனிங்கை வெயில்லதான் பாக்கணும். சந்தன கலர், ஐவரி துணியை பிரைட்னர் இருக்கற பவுடர்ல துவைக்கவே துவைக்காதீங்க, அந்த இளமஞ்சள் போனா திரும்ப வராது.

ஈரத்துல அடர்த்தியா இருக்கு, காஞ்சா வெளுத்திடுது

பிரச்சனையே இல்ல. நூலுக்கு நடுவுல காத்து இருக்கும்போது வெளிச்சம் நல்லா சிதறி மேலேயே திரும்பிடும், காத்து இடத்துல தண்ணி போயிட்டா சிதறல் குறைஞ்சு வெளிச்சம் உள்ள இறங்கும், சாயத்துக்கு முழுங்க டைம் கிடைக்கும். டை பண்ண குடுத்த துப்பட்டாவை ஈரமா இருக்கும்போது மட்டும் பாத்து ஓகே சொல்லாதீங்க.

மடிப்பு ஓரத்துல மட்டும் கோடு மாதிரி வெளுத்திருக்கு

கடைசியா, நிஜமாவே சாயம் மாட்டற கேஸ். ஷோகேஸ்ல வெயில் படற மாதிரி தொங்கவிட்ட புடவை, இல்லன்னா ஜன்னல் பக்கத்து ரேக்ல மடிச்சு வெச்சது. புற ஊதா சாய மூலக்கூறை உடைச்சிடும், முழுங்கற சக்தி போச்சு, கலர் போச்சு, இதை எந்த லைட்ல வெச்சு பாத்தாலும் கோடு கோடாத்தான் தெரியும், இது லைட் கோளாறு இல்லங்கறதுக்கு அதுதான் அடையாளம். சாயத்தோட வெயில் தாங்கற சக்திக்கு 1ல இருந்து 8 வரைக்கும் ரேட்டிங் இருக்கு, 8 நல்லது, ஆனா ரீடெயில் கடையில அந்த நம்பரை யாரும் சொல்ல மாட்டாங்க. அதனால புடவை வாங்கும்போதே முழுசா பிரிச்சு மடிப்பு ஓரத்தை பாருங்க. சாயம் ஒட்டுதான்னு சந்தேகம்னா வெள்ளை கைக்குட்டை நுனியை நனைச்சு, வெளிய தெரியாத உள்பக்கத்துல பத்து தடவை தேய்ங்க, கைக்குட்டைல கலர் ஏறினா பில்லோட அன்னைக்கே திருப்பி குடுத்திடுங்க, ஒரு தடவை துவைச்சிட்டு வந்தா எந்த கடையிலயும் எடுக்க மாட்டாங்க, நாங்களும் எடுக்க மாட்டோம்.